கசடு

குற்றம், அழுக்கு, அடியில் தங்கும் மண்டி எனக் கசடுக்குப் பல பொருள் உண்டு. கல்வி அதிகாரத்தின் முதல் குறளில் வருவதும் இச்சொல்தான். உருக்காலையில் மட்டும் கசடு அடியில் தங்குவதில்லை, மேலே மிதக்கிறது. உருகிய எஃகின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு. கசடுக்கு 3 மடங்குதான்.

சென்னைக்கு வடக்கே உள்ள கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பைத் மின்தூண்டல் உலைகளில் உருக்குகிறார்கள். துருவும் மண்ணும், சிலிக்கான், மாங்கனீசு ஆக்சைடுகளும் சேர்ந்து மேலே ஏடு கட்டும். தொழிலாளர்கள் இதை 'ஸ்லாக்' என்பார்கள். உலையைச் சாய்த்து ஊற்றினால் மேலே உள்ளதுதானே முதலில் வழியும்? அதனால் பொடி தூவிக் கசடை இறுகவைத்து, நீண்ட கம்பியால் வாரி எடுத்த பிறகே உலையைச் சாய்க்கிறார்கள். அந்த அனலின் முகத்தில் நின்று செய்யும் இவ்வேலைக்குப் பெரும் திறமை வேண்டும். எஃகை ஊற்றும் கொப்பரைக்குள் கசடும் போய்விட்டால், ஆக்சிஜனை நீக்கச் சேர்க்கும் அலுமினியத்தை அதிலுள்ள இரும்பு ஆக்சைடு வீணாக்கும். எஃகுக்குள் சிக்கிய துகள்கள் பின்னர் விரிசலுக்கு வழிவிடும்.

இரும்புக் கசடுக்குச் சிட்டம், கிட்டம் என்ற பழைய பெயர்களும் உண்டு. நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வாளர்கள் பழங்கால உலைகளோடு இரும்புக் கிட்டத்தையும் கண்டெடுத்தனர். நாள்பட்ட கிட்டமே சித்த மருத்துவத்தில் மண்டூரம். சுத்திசெய்து, புடமிட்டு, சோகைக்குக் கொடுக்கிறார்கள்.