தலையாரி: ஊர் விடாத பெயர்

சொல்லன்பர்களுக்குப் பெரும்பதவிகளின் பெயரைவிடச் சிறுபதவிகளின் பெயரே மிகுந்த இன்பம் தரும். அமைச்சர், ஆளுநர் போன்ற பெயர்களை அவையோ ஆணையோ ஆக்கித் தருகிறது. அப்பெயர்கள் பிறந்த கதையை ஏட்டைப் புரட்டி அறிந்துவிடலாம். இரவெல்லாம் கம்பும் கையுமாகத் தெருச் சுற்றி, விடிந்தபின் களவுபோன மாட்டின் குளம்படியைத் தேடிப் புழுதியில் குனிந்து நடந்த ஊர்க்காவலனின் பெயரை யாரும் அவ்வாறு ஆக்கித் தரவில்லை. அது பல மொழியார் நாவில் புரண்டு, பல அரசுகளைக் கடந்து, ஓரிடத்தில் தேய்ந்து, ஓரிடத்தில் திரண்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. தலையாரி என்னும் அந்தப் பெயரின் வழியில் சற்று நடந்து பார்ப்போம்.

இப்பெயர் வருமுன் ஊர்க்காவலுக்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ‘கா’ என்னும் ஓரெழுத்து வேரிலிருந்து காவலும் காப்பும் கிளைத்தன. வேலியிட்டுப் பேணிய சோலையும் ‘கா’ எனவே பெயர் பெற்றது. கையில் அணியும் வளையும் காப்பு. பேச்சு வழக்கில், குற்றவாளியின் கையில் போலீசார் பூட்டும் விலங்கும் காப்பு. பேணுவதும் பிணிப்பதும் ஒரு வேரில் நிற்பதைக் காவல் தொழில் அறிந்தவர் எளிதில் ஒப்புவர். மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் மழை கொட்டினாலும் சோராமல் தெருவில் திரிந்து கள்வரைத் தேடுவோரை ‘ஊர்காப்பாளர்’ என்கிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ வருகிறது. பாடி குடியிருப்பு, பாடிகாவல் அக்குடியிருப்பைக் காக்கும் பொறுப்பு, அப்பொறுப்புக்காக ஊரார் இறுத்த வரியும் அதுவே. பெரும்பாடிகாவல், சிறுபாடிகாவல் என அது இருவகையாகவும் வழங்கியது. செயலின் பெயரே அதற்குரிய கூலியின் பெயராகவும் நிற்கும் இந்த இயல்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வரும்.

இவ்வளவு சொற்கள் இருந்தும் ஊரார் நாவில் நிலைத்தது தலையாரிதான். தமிழ்க் காது இதைக் கேட்டவுடன் தலை, ஆரி என்று பிரித்துவிடும். பூசை செய்வோன் பூசாரி ஆவதுபோல, ஊர்க்காவலில் தலையாய் நிற்பவன் தலையாரி என்று பொருளும் சொல்லிவிடும். இன்னும் அச்சத்தோடு கேட்பவர் ‘அரி’ என்னும் வினையைக் காண்பர். தலையை அரிபவன் என்பர். முதற்பிரிப்பு அழகானது, இரண்டாவது அஞ்சத்தக்கது. ஆயினும் ஒரு சொல்லை அதன் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்தால் போதாது. உறவினர் முகத்தையும் பார்த்தால்தான் சாயல் விளங்கும்.

தெலுங்கில் இவர் தலாரி. சற்றுப் பழைய வடிவம் தலவரி. கன்னடத்தில் தளவாரர். கன்னட வடிவின் ளகரத்தை ஊன்றிக் கவனியுங்கள். உடலின் தலைக்குக் கன்னடத்தில் ‘தலெ’ என்றே பெயர். அங்கே லகரம் லகரமாகவே நிற்கிறது. ஊர்க்காவலர் பெயர் தலையிலிருந்து பிறந்திருந்தால் அங்கு ளகரம் புகுவதற்குக் காரணமில்லை. எனவே இப்பெயரின் முதற்பகுதியைத் தலம், தளம் என்னும் இடப்பொருட் சொற்களோடு சேர்த்துக் காண்பதே பொருத்தம் என்பது என் துணிபு. தலவரர் தலத்துக்குரியவர், ஓரிடத்தின் பொறுப்பை ஏற்றவர்.

இப்போது வடக்கே கிருட்டிணை ஆற்றங்கரைக்குப் போவோம். நாகார்ஜுனகொண்டாவில் இக்குவாகு மரபினர் ஆண்ட கி.பி. 3ஆம் நூற்றாண்டில், பௌத்தப் பள்ளிகளுக்கு அரசகுலப் பெண்டிர் அளித்த கொடைகளைப் பாகதக் கல்வெட்டுகள் பதிந்துள்ளன. அவற்றுள் ‘மகாதலவரர்’ என்னும் பட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. மன்னன் சாந்தமூலனின் உடன்பிறந்தாள் சாந்திசிரி ஒரு மகாதலவரரின் மனைவி. அம்மன்னனின் மகள் அடவி சாந்திசிரியின் கணவரோ மகாசேனாபதி, மகாதலவரர், மகாதண்டநாயகர் என்னும் மூன்று பட்டங்களையும் ஒருங்கே தாங்கியவர். மன்னன் பெண்கொடுத்து உறவு கொண்டாடிய பெருங்குடியினரின் பட்டம் அது. களத்துமேட்டில் கம்போடு நின்ற நம் தலையாரியின் பெயருக்கு மூதாதை இவ்வளவு உயரத்தில் நிற்கிறது!

தலவரர் எவ்வாறு தலாரி ஆனார்? உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட மெல்லிய வகரம் நழுவ, இருபுறத்துக் குறிலும் கூடி நெடிலாயின. தமிழரும் நாள்தோறும் செய்கிற வேலைதான் இது. அகப்பை ஆப்பையானதும் பெயர் பேரானதும் இவ்வகைச் சுருக்கத்தால்தான். விந்தை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தலாரியைப் பெற்ற தமிழ் அதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் ஐகாரத்தையும் யகர உடம்படுமெய்யையும் பெய்து, தனக்கு வேண்டிய ‘தலை’யை அதற்குள் அமைத்துக்கொண்டது. வந்த சொல்லுக்கு நம் வீட்டுப் பொருள் கிடைத்தது. இதில் பிழையும் இல்லை. தமிழில் தலை உறுப்பை மட்டுமோ முதன்மையை மட்டுமோ குறிப்பதன்று, இடத்தையும் குறிக்கும். தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைப் பொருளில் கண், கால், புறம், அகம் என்று அடுக்குகிற வரிசையில் தலையும் ஒன்று. ஆகவே தலத்தைத் தலையாக்கியபோது தமிழ் பழம்பொருளை இழக்காமலே புதுப்பொருளைச் சேர்த்துக்கொண்டது. இடமும் முதன்மையும் ஒரே அசையில் ஒலிக்கும் இத்தகைய வாய்ப்பு எல்லா மொழிக்கும் கிட்டுவதில்லை.

விசயநகர ஆட்சிக்காலத் தமிழ்க் கல்வெட்டுகளின் வரிப்பட்டியல்களில் ‘தலையாரிக்கம்’ என்று ஒன்று உண்டு. ஊர்க்காவலனைப் போற்றுவதற்கு ஊரார் இறுத்த வரி அது. பாடிகாவலில் கண்ட இயல்பு இங்கே மீண்டும் வருகிறது: காவலின் பெயரே கட்டணத்தின் பெயர். சொல்லின் வாலையும் பாருங்கள். தெலுங்கு ‘தலாரிகமு’ தமிழ் உடை உடுத்தி வந்ததன் தடம் அந்த ‘இக்க’த்தில் அழியாமல் கிடக்கிறது. உடல் தமிழாகிவிட்டது, வால் மட்டும் வந்த வழியைக் காட்டுகிறது.

பட்டம் உயரத்திலிருந்து இறங்க இறங்க, அதன் பொருள் நுணுக்கமாயிற்று. அரசவையில் நின்றவர் ஊர்ச்சாவடிக்கு வந்தார். கர்ணம் கணக்கெழுத, மணியக்காரர் வரி தண்ட, தண்டிய பணம் தாலுகா கருவூலம் சேரும்வரை தலையாரி உடன்நடந்தார். ஊருக்குப் புதியவர் வந்தால் எவர், எதற்கு என்று கேட்டறிந்தார். விளைந்த பயிரைக் காத்தார். இதற்கு அவர் பெற்றது மானிய நிலமும், களத்தில் நெல் தூற்றியபின் அளந்து விட்ட பங்கும். அப்பங்குக்கு மேரை என்று ஒரு பெயர். சுவந்திரம் என்று இன்னொரு பெயர். இந்தச் சுவந்திரம் சுதந்திரமேதான். நாட்டு விடுதலையைக் குறிக்குமுன் அச்சொல், நெற்குவியலில் ஓர் ஊழியன் கேட்டுப் பெறும் உரிமைப் பங்கைக் குறித்தது. பிறர் ஈகையாகத் தருவதன்று, தனக்கென உள்ளது என்னும் கருத்து இரண்டு பொருளிலும் நிற்பதால், அந்தச் சொற்பயணம் வழி தவறியதாக எனக்குத் தோன்றவில்லை.

தென்மாவட்டக் காவல் முறையில் விளைந்த இன்னொரு சொல் துப்புக்கூலி. காவற்பொறுப்பேற்றவர் காவலில் களவு நேர்ந்தால் பொருளை மீட்டுத் தரவேண்டும், அல்லது ஈடு தரவேண்டும் என்பது முறை. காணாமற்போன மாடு எங்கே நிற்கிறது என்று அறிந்து சொல்பவருக்கு மாட்டுக்காரர் கொடுத்த பணமே துப்புக்கூலி. பழந்தமிழில் வலிமை, உணவு, துணை என்று விரிந்து கிடந்த ‘துப்பு’ என்னும் ஒலி, இங்கே களவின் தடத்தைக் குறித்தது. இன்றைய நாளிதழ் ‘போலீசார் துப்புத் துலக்கினர்’ என்று எழுதும்போது, மாட்டுத்தடம் பார்த்த ஊர்க்காவலரின் தொழிற்சொல்லைத்தான் எடுத்தாள்கிறது. துப்புக்கூலி வாங்குவதற்காகவே மாட்டை ஓட்டிச் சென்றவர்களும் உண்டு. காவலும் களவும் கைகோத்தால் ஊர் என்னாகும் என்பதைத் தலையாரியையும் அதிகாரியையும் சேர்த்துச் சொல்லும் பழமொழிகளில் காணலாம்.

கும்பினி அரசு சென்னை மாகாணத்துக்கு 1816இல் இயற்றிய 11ஆம் ஒழுங்குவிதி, இந்த ஊர்க்காவலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஊர்த்தலைவர் சிறுகுற்றங்களை விசாரித்து, குற்றவாளியைச் சாவடியில் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மிகாமல் அடைத்து வைக்கலாம் என்றது. அவர் ஆணைப்படி நடப்பவர் தலையாரி. அந்த அளவில் அவர் ஊரின் போலீசும் ஊரின் சிறைக்காவலரும் ஆனார். அதே விதி, ‘தாழ்ந்த சாதியார்’ என்று தான் வகுத்தவர்களைத் தொழுவில் ஆறுமணிநேரம் மாட்டலாம் என்றும் எழுதிவைத்தது. தொழு என்பது மாடு கட்டும் கொட்டில். துளையிட்ட மரத்தில் காலை மாட்டும் தண்டனைக் கட்டைக்கும் அதே பெயர். மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே சொல் போதும் என்று ஒரு காலம் எண்ணியிருக்கிறது. சிலருக்குச் சாவடியின் நிழல், சிலருக்குத் தொழுமரம் என்று சாதி பார்த்துப் பிரித்த அக்கொடுமையை, சொல்லின் அழகில் மயங்கி நாம் மறந்துவிடலாகாது. தலையாரியாக நின்றவர்களுள் பலரும் ஊர் தாழ்த்தி வைத்த குடியினர் என்பதை எண்ணும்போது அதன் கூர்மை இன்னும் தெரியும்.

1859இல் சென்னை மாகாணத்துக்கெனப் போலீசுச் சட்டம் பிறந்தது. போலீசு என்பது நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து நம்மிடம் வந்தது. நகரத்தில் பிறந்த பெயரும் தலத்தில் பிறந்த பெயரும் தமிழூர்த் தெருவில் சந்தித்தன. புதிய படையில் நம் மக்கள் நெருங்கிப் பழகியவர் ஏட்டு. ஏடு தூக்கி வருவதால் ஏட்டு ஆனார் என்று சிலர் கருதுவர். உண்மையில் அது ஆங்கிலத் தலைமைக் காவலர் பெயரின் முதற்சொல்லான ‘ஹெட்’ நம் நாவில் ஹகரம் இழந்து நீண்டது. அதன் பொருளும் தலையே! களவு விசாரிக்க ஏட்டையா வர, வழிகாட்டித் தலையாரி முன்னே நடந்தபோது, ஒரே பொருளை இரு மொழியில் தாங்கிய இருவர் ஒரே தெருவில் போயினர் என்பதைச் சொல்லன்பர் மகிழ்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

தெலுங்கில் தலாரி வேறொரு திசையிலும் போயிற்று. ஊர்க்காவலரைக் குறித்த சொல்லே தூக்குத் தண்டனையை நிறைவேற்றும் சிறை ஊழியரையும் குறிக்கலாயிற்று. இன்று தெலுங்கு நாளிதழ்களில் அப்பொருள் வெகுவாக வழங்குகிறது. தமிழ்த் தலையாரி அந்தக் கொலைப்பொருளை ஏற்கவில்லை. ஆந்திரத்தில் தலாரியும் வடகர்நாடகப் பகுதியில் தளவாரும் குடும்பப் பெயர்களாயின. பணி போனபின்னும் பெயரைப் பேரப்பிள்ளைகள் சுமக்கின்றனர்.

தமிழ்நாட்டில் 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் முதலிய பகுதிநேர ஊர்ப்பதவிகளை ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. தலையாரி, வெட்டியான், நீர்க்கட்டி என்று தனித்தனிப் பெயரோடிருந்த கடைநிலை ஊழியர் பின்னர் கிராம உதவியாளர் என்னும் ஒரே பெயருக்குள் வந்தனர். 1995இல் அவர்களுக்கு முழுநேரப் பணியும் காலமுறை ஊதியமும் கிடைத்தன. களத்தில் கைநீட்டிப் பெற்ற நெல்லுக்கு மாறாக மாத ஊதியம் வந்தது பெரிய நன்மை. ஆனால் ஊரார் கர்ணத்தையும் மணியத்தையும் மெல்ல மறந்தபோதும் தலையாரியை விடவில்லை. பட்டா மாறுதலுக்குப் போகும் எவரும் இன்றும் ‘தலையாரி இருக்கிறாரா?’ என்றே கேட்கின்றனர். ஈழத்திலும் இதையே காண்கிறோம். அங்கே ஊரில் போலீசுப் பொறுப்பையும் சுமந்த பொலிஸ் விதானை முறை 1963இல் நீங்கி, கிராம சேவகர் வந்தார். யாழ்ப்பாணத்து மூத்தோர் அவரையும் விதானையார் என்றே விளித்தனர்.

இதன் காரணத்தை நான் இவ்வாறு உணர்கிறேன். உதவியாளர் என்னும் பெயர் அவர் யாருக்குக் கீழ் வேலை செய்கிறார் என்பதைச் சொல்கிறது. தலையாரி என்னும் பெயர் அவர் எந்த மண்ணுக்குப் பொறுப்பு என்பதைச் சொல்கிறது. அலுவலகம் தன் படிநிலைக்கு ஏற்பப் பெயரிடும். ஊர் தன் தேவைக்கு ஏற்பப் பெயரை வைத்துக்கொள்ளும். மகாதலவரரின் பட்டத்தில் ‘மகா’ உதிர்ந்தது, வகரம் உதிர்ந்தது, அரசவை உதிர்ந்தது; இடத்துக்குரியவர் என்னும் கரு மட்டும் பதினேழு நூற்றாண்டுகளாக உதிராமல் நிற்கிறது. ஆகவே உங்கள் ஊரில் முதியவர் ஒருவர் கிராம உதவியாளரைத் தலையாரி என்று குறிப்பிட்டால், பழைய பெயர் என்று திருத்தப் புகாதீர்கள். அவரருகே அமர்ந்து, சுவந்திரம் எவ்வளவு அளந்தார்கள், தடம் பார்க்க யார் போனார்கள், சாவடி எங்கே இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதிகள் ஒற்றை வரியில் ‘ஊர்க்காவலன்’ என்று முடித்துவிட்ட பதிவை விரித்தெழுதும் கடமை நம் தலைமுறைக்கு உண்டு.