எச்.ஐ.வி.யும் சீழ்ப் புண்ணும்: கொஞ்சம் வரலாறு

எச்.ஐ.வி. என்றதும் எல்லோருக்கும் காசநோய்தான் நினைவுக்கு வரும். அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கிறது நண்பர்களே: தோலுக்கு அடியிலும் தசைக்குள்ளும் சீழ் பிடித்துப் பரவும் தொற்று.

இதில் வைரஸ் நேரடியாகச் சதையை அழிப்பதில்லை. பெரும்பாலும் குற்றவாளி ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய மூக்கில் சும்மா குடியிருப்பதுதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்குச் சின்னக் காயம் போதும், அது உள்ளே போய்விடும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலோடு சுற்றும் எங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நடப்பார்கள். எல்லோருக்கும் அது சரிப்படாது.

தசைக்குள் சீழ் கட்டுவதைப் பழைய மருத்துவ நூல்கள் 'வெப்பமண்டல நோய்' என்றே எழுதின. 1980களின் பிற்பாதியில் அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் அது வந்தபோது அந்தப் பெயருக்கே அர்த்தம் போய்விட்டது!

இதைவிடக் கொடியது தசையுறை அழுகல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட வீரர்களிடம் கண்டதை ஜோசப் ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1871இல் விவரித்தார். இன்றைய ஆங்கிலப் பெயரை 1952இல் வைத்தவர் வில்சன். தோல் லேசாகச் சிவந்திருக்கும், வலியோ உயிர் போகும். மணிக்கணக்கில் பரவும். ஊசி மருந்து மட்டும் போதாது. அழுகிய சதையை உடனே வெட்டி அகற்ற வேண்டும்.

அதாவது ஒரு டாக்டர் கத்தி எடுத்தாக வேண்டும். சிக்கலே அங்குதான்.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி.! இந்தியாவில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை. வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காட்டில் இருந்தது. ஆக, அது நம் மாவட்டத்திலேயே நடந்த சோதனை.

பிறகு வந்தது பயம். பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எந்த நோயாளியானாலும் ரத்தத்தைத் தொடும்போது கையுறை முதலான ஒரே பாதுகாப்பு முறை போதும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 1987லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் தயங்கினார்கள். காசநோய்க்குக் காத்திருக்க மாதங்கள் உண்டு. அழுகும் சதைக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. "வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்ற ஒரு வார்த்தையே காலையோ உயிரையோ பறித்துவிடும்.

1993இல் சுனிதி சாலமன் சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியமும் இவர்களுக்குக் கதவைத் திறந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. அதை ஒழுங்காகச் சாப்பிட்டால் எதிர்ப்புச் சக்தி ஏறும், இத்தகைய தொற்றுகளும் குறையும்.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்யும் சட்டம் 2017இல்தான் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. வேலூர் சோதனை நடந்து 32 வருடம் கழித்து.