படத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்

சினிமாப் பாட்டைப் பழிப்பது நமது இலக்கிய மேடைகளுக்குப் புதிதல்ல. நானும் ஒரு காலத்தில் பழித்தவன்தான். ஆகவே, இந்தித் திரையிசை மீது விழுந்த மிகக் கடுமையான கண்டனத்தைப் பற்றி இன்று பேசுவதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கணக்கும் உண்டு.

கண்டித்தவர் பத்திரிகை விமர்சகரல்லர். 1952 முதல் 1962 வரை இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர். பாரிஸில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். மேல்நாட்டு மெட்டுக் கலந்த படப்பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. விமர்சகன் எழுதிவிட்டு இருந்துவிடுவான். அமைச்சரோ கட்டளையிடக் கூடியவர். அகில இந்திய வானொலியில் படப்பாட்டுக்குரிய நேரம் வெட்டப்பட்டது. பாட்டைப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லலாகாது, அது விளம்பரமாம்! சினந்த தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பும் உரிமையையே மீளப் பெற்றுக்கொண்டார்கள். சில மாதங்களில் அந்த வானொலியில் படப்பாட்டு ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

பாட்டு எங்கே போனது? நம்முடைய கொழும்புக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப் படைகளுக்கென இங்கு அமைந்த சிற்றலை நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு மாறியிருந்தது. அதன் வலுவான அலைவரிசையில் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை இந்திப் பாடல்களை அள்ளி வழங்கிற்று. 1952 டிசம்பரில், பற்பசைக் கம்பனியொன்றின் அனுசரணையில், 'பினாக்கா கீத் மாலா' தொடங்கியது. நிகழ்ச்சி பம்பாயில் ஒலிப்பதிவாகி, விமானத்தில் கொழும்பு வந்து, புதன்கிழமை இரவுகளில் இங்கிருந்து வான்வழியே மீண்டும் இந்தியாவுக்குப் போயிற்று. வேடிக்கைதான்!

அதை நடத்திய அமீன் சயானியின் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டில்லி வானொலி சமஸ்கிருதம் மிகுந்த இந்தியில் செய்தி சொன்ன காலம் அது. சயானி பேசியதோ இந்தியும் உருதுவும் கலந்த எளிய ஹிந்துஸ்தானி. புதிதாக எழுத்தறிந்தோருக்காக அவருடைய தாயார் நடத்திய 'ரஹ்பர்' என்ற சஞ்சிகையில் அவர் பழகிய நடை அது. பாடல்களை அவர் படிகளில் ஏற்றி வரிசைப்படுத்தினார். இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கடிதங்களும் அந்த வரிசையைத் தீர்மானித்தன. ஜும்ரி தலையா என்ற சிறிய அபிரகச் சுரங்க ஊர், பாட்டுக் கேட்டெழுதிய கடிதங்களாலேயே இந்தியா முழுவதும் பெயர்பெற்றது. கேஸ்கருக்குப் பதில் எழுதியவர்கள் இவர்களே.

கேஸ்கர் செய்த நன்மையையும் மறைக்கலாகாது. 1952 ஜூலையில் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி, வித்துவான்களின் இசையை நாடெங்கும் கொண்டு சென்றது. சமஸ்தானங்களின் ஆதரவை இழந்திருந்த பலருக்கு வானொலி சோறு போட்டது. ஆனால், முஸ்லிம் கலைஞர்கள் கைக்குப் போனதால் சங்கீதம் தன் ஆன்மிகத்தை இழந்தது என்றொரு எண்ணமும் அவரிடம் இருந்தது. அதே 1952இல் வெளியான படம் 'பைஜு பாவ்ரா'. மால்கௌன்ஸ் ராகத்தில் ஹரியின் தரிசனத்துக்காக உருகும் அதன் பஜனையை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முஹம்மத் ரஃபி. மூவரும் முஸ்லிம்கள். 1954இல் முதன்முறையாக வழங்கப்பட்ட பில்ம்பெயார் இசை விருது அந்தப் படத்துக்காக நௌஷாத்துக்கே கிடைத்தது. கேஸ்கரின் கண்டனத்துக்கு இதைவிட நல்ல மறுப்பை எந்த விமர்சகரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

1957 அக்டோபரில் 'விவித் பாரதி' என்ற சேவையைத் தொடங்கிப் படப்பாட்டை இந்திய வானொலி மீண்டும் அழைத்துக்கொண்டது. கீத் மாலாவும் 1989இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. சயானி 2024 பெப்ரவரியில் தமது 91ஆவது வயதில் காலமானார்.

இனி என் கணக்கு. நான் மேடைகளில் சினிமாப் பாட்டைச் சாடிய நாட்களில், உஸ்தாத் அமீர்கானும் டி. வி. பலுஸ்கரும் தேசி ராகத்தில் போட்டியிட்டுப் பாடும் ஒரு பாட்டு என்னிடம் கசற்றில் இருந்தது. சாஸ்திரிய இசையின் மேன்மைக்கு உதாரணமாக, வீட்டுக்கு வருவோருக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவேன். ஒருநாள் அயலவர் ஒருவர் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார்.

“மாஸ்டர், இது பைஜு பாவ்ராப் படப்பாட்டெல்லோ? தான்சேனும் பைஜுவும் அக்பர் சபையிலை பாடுற இடம்.”

அதன் பிறகும் அந்தக் கசற்றை எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். படத்தின் பெயரையும் சொல்லித்தான்.