விளக்குச் சுவிட்சு: ஹோம்ஸ் முதல் ஸ்மார்ட் சுவிட்சு வரை

வீட்டு விளக்கை எரிய வைக்கவும் அணைக்கவும் பயன்படும் சிறு கருவி சுவிட்சு. இலங்கைத் தமிழில் இதை ஆளி என்பர். முதலில் கம்பியை இணைத்துத் துண்டிப்பது மட்டுமே இதன் வேலையாக இருந்தது. இன்று கைப்பேசியின் கட்டளைக்கும் குரலுக்கும் இது இயங்குகிறது. ஸ்மார்ட் சுவிட்சு வாங்குவோர் சந்திக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கு இதன் வரலாற்றிலேயே விளக்கம் உள்ளது.

தோற்றம்

இங்கிலாந்தின் கிராக்சைடு மாளிகையில் 1880இல் ஜோசப் சுவானின் மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. அக்காலச் சுவிட்சுகளில் தொடுமுனைகள் மெதுவாகப் பிரிந்ததால் இடையில் மின்வில் தோன்றியது. அது உலோகத்தை அரித்தது. தீ விபத்துக்கும் வழிவகுத்தது. நியூகாசில் நகரப் பொறியாளர் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் இதற்குத் தீர்வு கண்டார். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் அவரது சுவிட்சின் முனைகள் சட்டென விலகின. இன்றைய சாதாரணச் சுவிட்சுகளிலும் இதே தத்துவம்தான் உள்ளது.

வீட்டு மின் இணைப்பில் அப்போதிருந்து ஒரு சிக்கனப் பழக்கமும் நிலைத்தது. சாதாரணச் சுவிட்சு ஃபேஸ் கம்பியை மட்டும் துண்டித்தால் போதும். ஆகவே பல வீடுகளில் நியூட்ரல் கம்பி நேராக விளக்குக்குச் சென்றது. சுவிட்சுப் பெட்டிக்கு வரவில்லை.

டிம்மர்

நாடக அரங்குகளில் ஒளியைக் குறைக்கப் பெரிய மின்தடைகள் பயன்பட்டன. அவை மிகுதி ஆற்றலை வெப்பமாக வீணாக்கியதால் வீட்டுச் சுவரில் பொருத்த ஏற்றவையாக இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957இல் தைரிஸ்டரை உருவாக்கியது. இத்தகைய குறைக்கடத்திக் கருவியைக் கொண்டு அமெரிக்காவின் ஜோயல் ஸ்பைரா 1959இல் சுவர்ப் பெட்டிக்குள் அடங்கும் டிம்மரை அமைத்தார். 1961இல் லூட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். மாறுமின்னோட்டத்தின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் ஒரு பகுதியைத் தடுத்து இது ஒளியைக் குறைக்கிறது. இழை பல்புக்காக அமைந்த இம்முறையில் எல்லா எல்.இ.டி. பல்புகளும் சீராக எரிவதில்லை, சில மினுக்குகின்றன. எனவே டிம்மருக்குப் பொருந்தும் பல்பா எனப் பார்த்து வாங்க வேண்டியுள்ளது.

தொலைவிலிருந்து கட்டளை

ஸ்காட்லாந்தின் பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் எக்ஸ்10 முறையை உருவாக்கியது. புதிய கம்பி இழுக்காமல், வீட்டின் மின்கம்பி வழியாகவே கட்டளை அனுப்பியது இதன் சிறப்பு. 16 வீட்டுக் குறியீடுகளும் 16 கருவிக் குறியீடுகளும் சேர்ந்து 256 முகவரிகளைத் தந்தன. ஆனால் தொடக்கக் கருவிகள் கட்டளை கிடைத்ததா எனத் திருப்பிச் சொல்லவில்லை. மற்ற மின்கருவிகளின் இரைச்சலிலும் கட்டளை தொலைந்தது.

பின்னர் இசட்-வேவ், ஜிக்பீ ஆகிய வானொலி அலை முறைகள் வந்தன. இவற்றில் ஒரு கருவி மற்றொன்றின் செய்தியை வாங்கி அடுத்த கருவிக்குக் கடத்தும். 2012இல் பிலிப்ஸ் ஹியூ பல்பு வெளிவந்தபோது அறிவு சுவரை விட்டு விளக்கிற்கே இடம் மாறியது. இதில் ஒரு தடை உண்டு: சுவர்ச் சுவிட்சை யாரேனும் அணைத்துவிட்டால் பல்புக்கு மின்சாரம் நின்று, கைப்பேசிக் கட்டளை பயனற்றுப்போகும். பலர் புழங்கும் அறைக்குப் பல்பை விட ஸ்மார்ட் சுவிட்சு பொருத்தமாவது இதனால்தான்.

நியூட்ரல் கம்பிச் சிக்கல்

ஸ்மார்ட் சுவிட்சு, விளக்கு அணைந்திருக்கும்போதும் கட்டளைக்காக விழித்திருக்க வேண்டும். அதற்குச் சிறிதளவு மின்சாரம் தேவை. மின்சுற்று முழுமையாக நியூட்ரல் தேவை. பழைய சிக்கனம் இங்கே இடையூறாகிறது. நியூட்ரல் வேண்டாத சுவிட்சுகள் அச்சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே செலுத்துகின்றன. இழை பல்பில் அது தெரியாது, எல்.இ.டி. பல்பு மங்கலாக ஒளிரலாம் அல்லது மினுக்கலாம். அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2011 பதிப்பில், விளக்குச் சுவிட்சுப் பெட்டிகளில் சில விலக்குகளுடன் நியூட்ரலைக் கட்டாயமாக்கியது.

யார் கையில் கட்டுப்பாடு?

2005இல் அமெரிக்காவில் அறிமுகமான இன்ஸ்டியான் முறையின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி நின்றன. செயலியையும் குரல் கட்டளையையும் நம்பியிருந்தோர் அவற்றை இழந்தனர். சுவரில் அழுத்தும் சுவிட்சு மட்டும் வழக்கம்போல் வேலை செய்தது. சில வாரங்களில் பயனர் குழு ஒன்று நிறுவனத்தை வாங்கிச் சேவையை மீட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேட்டர் 1.0 தரநிலை வெளியானது. பல நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசவும், இணையமின்றி வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளை செல்லவும் இது வழிசெய்கிறது.

ஸ்மார்ட் சுவிட்சு வாங்குமுன் மூன்று செய்திகளை உறுதிசெய்வது நன்று: சுவிட்சுப் பெட்டியில் நியூட்ரல் உள்ளதா, விளக்கு அதற்குப் பொருந்துமா, இணையம் நின்றாலும் கையால் அழுத்தி விளக்கை ஏற்ற முடியுமா. மின் இணைப்பை நிறுத்திய பின், தகுதிபெற்ற மின்பணியாளரே பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.