நடுவுக்குத் திரும்பும் கோல்: ஜாய்ஸ்டிக், த்ராட்டில் வம்சாவளி குறித்து ஒரு மறுப்பு

விமானக் கோலுக்கு ‘ஜாய்ஸ்டிக்’ என்ற பெயர் யாரால் வந்தது? இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தார் இதற்கு ஏ. ஈ. ஜார்ஜ் என்று பதில் சொல்கிறார்கள். ஜாப்லிங் என்பவரோடு சேர்ந்து 1910-இல் இரட்டை இறக்கை விமானம் ஒன்றைக் கட்டியவர் அவர். அவருடைய ‘ஜார்ஜ் ஸ்டிக்’ பேச்சில் தேய்ந்து ‘ஜாய்ஸ்டிக்’ ஆனதாம். அந்தக் கோல் அந்நகரின் டிஸ்கவரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொருள் கண்முன்னே இருப்பதால் கதையும் நம்பும்படி ஆகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் ஒலி. ‘ஜார்ஜ்’ என்பதன் இறுதி வல்லொலி முழுதாக மறைந்து, இடையில் இல்லாத ஒரு யகரம் தோன்றினால்தான் ‘ஜாய்’ கிடைக்கும். இரு மாற்றங்களும் ஒரே சொல்லில், அதுவும் ஓரிரு ஆண்டுகளுக்குள் நடந்திருக்க வேண்டும். அடுத்தது முன்னுரிமை. பிரெஞ்சு விமானி ராபர்ட் எஸ்னோ-பெல்தரி 1907-லேயே ஒற்றைக் கோலைப் பயன்படுத்தியதாக உரிமை கோரியவர். இன்னொரு பிரெஞ்சு விமானி பிளேரியோவின் எட்டாம் விமானம் 1908-இல் கையில் கோல், காலில் சுக்கான் கட்டை என்ற இன்றைய அமைப்போடு வந்துவிட்டது. 1910-இல் நியூகாசிலில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. ஜாய்ஸ் என்ற இன்னொரு விமானியின் பெயரால் வந்தது என்ற வழக்கும் உண்டு. அதுவும் இதே குணம் கொண்டது. ஆளின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் பொருளின் பிறப்பையும் கண்டுபிடித்துவிட்டோம் என்ற நினைப்பு அது.

கைவசம் உள்ள சான்று ஒரே ஒரு நாட்குறிப்பு வரி. எழுதியவர் நாடக நடிகர் ராபர்ட் லொரைன். பிரான்சில் போ நகரத்துப் பிளேரியோ பள்ளிக்குப் பறக்கக் கற்கப் போனவர். அவர் வாழ்க்கை வரலாறு 1938-இல் வெளிவந்தபோது அந்தக் குறிப்பும் அச்சேறியது. ஆண்டில் ஒற்றுமை இல்லை: சிலர் 1909 என்கிறார்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 1910-இல் வைக்கிறது. நாட்குறிப்பின் காலத்துக்கும் அச்சின் காலத்துக்கும் இடையே ஏறக்குறைய முப்பது ஆண்டு இருப்பதால் நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.

ஆனால் ஆண்டைவிட அந்த வரி சொல்லும் செய்தி முக்கியம். புதிய மாணவன் தவறிப்போய் வானில் ஏறிவிடாதபடி நடுக் கோலை முன்புறம் தள்ளிக் கட்டிவைப்பார்கள் என்பதே அதன் சாரம். கோலுக்கு இரண்டு பெயர்கள் அதில் அடுத்தடுத்து வருகின்றன: ‘குளோஷ்’, ஜாய்ஸ்டிக். குளோஷ் என்றால் பிரெஞ்சில் மணி. பிளேரியோவின் கோலுக்கு அடியில் மணி வடிவில் ஒரு கிண்ணம் இருந்ததால் வந்த பெயர்.

இதுவரை இந்த வரியை எல்லோரும் சொல்லுக்காகவே படித்தார்கள். நான் கயிற்றுக்காகப் படிக்கிறேன். ஏன் கட்ட வேண்டும்? அந்தக் கோலுக்குச் சொந்தமாக ஒரு நடு கிடையாது. தள்ளினால் திருப்பிக் கொண்டுவர ஸ்பிரிங் இல்லை. வாலில் இருக்கும் எலிவேட்டரைக் காற்று அழுத்தும், கம்பி வழியே அந்த அழுத்தம் கைக்கு வரும். ஓடுதளத்தில் மெதுவாக உருளும்போது காற்றழுத்தம் சொற்பம், அப்போது கோல் வைத்த இடத்தில் கிடக்கும். கயிறு இல்லாவிட்டால் மாணவனின் பதற்றம்தான் அதை இழுக்கும். ஒரே வரியை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். பயந்த கை பின்னால் இழுக்காதிருக்கவே கட்டினார்கள் என்று மட்டும் கொள்ளவும் இடமுண்டு. அப்படியே கொண்டாலும், நடுவுக்குத் தானே திரும்பும் கோல் என்ற படிமத்துக்கு இந்த வரியில் இடமில்லை.

இதை ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. சோதனைச்சாவடி தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. சிப்காட் வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஜாய்ஸ்டிக் தேடுகிறார்கள். ‘அசல் விமானத்தில் இருப்பதுபோல்’ என்பதுதான் அவர்கள் கேட்கும் ஒரே தகுதி. எந்த அசல் விமானம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

மேசை மீதுள்ள கோலின் தகப்பன் விமானக் கோல் அல்ல என்பது என் கட்சி. மின்சார ஈரச்சு ஜாய்ஸ்டிக்குக்கு அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் சி. பி. மிரிக் 1926-இல் காப்புரிமை பெற்றார். 1943-இல் ஜெர்மானியர் ஹெச்எஸ் 293 குண்டைத் தாய் விமானத்தில் இருந்தபடி ஒரு சிறு கோலால் திருப்பினார்கள். குண்டின் வாலில் எரியும் ஒளியைக் கண்ணால் பின்தொடர்வதே வழி. அங்கே கைக்கும் காற்றுக்கும் தொடர்பே இல்லை. தொலைவில் உள்ளதைத் திருப்பும் கைக்கு ‘இதுதான் சுழி’ என்று சொல்ல ஏதாவது வேண்டும். ஸ்பிரிங் அந்தத் தேவையின் பிள்ளை என்றே கருதுகிறேன். 1977-இன் அட்டாரி 2600 கோல் வெறும் சுவிட்சுகளால் ஆனது. 1981-இன் ஐபிஎம் கணினிக்கான கேம் போர்ட் நான்கு பொட்டென்ஷியோமீட்டர்களையும் நான்கு பொத்தான்களையும் மட்டும் வாசித்தது. இரண்டு பேருக்கு ஆளுக்கொரு கோல் என்பதே அதன் கணக்கு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலுக்கு அதில் இடமே இல்லை. இரண்டாம் ஆளுக்கென இருந்த அச்சுகளை எடுத்துத்தான் பிற்பாடு த்ராட்டிலும் சுக்கானும் உள்ளே வந்தன. 1990-களின் தொடக்கத்தில் த்ரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் த்ராட்டில் ஒன்று விசைப்பலகை வழியாகவே இணைந்து, விசை அழுத்தங்களையே கணினிக்கு அனுப்பியது. கோல் ஒரு குலம், த்ராட்டில் இன்னொரு குலம்.

மறுப்பு வரும் என்பது தெரியும். ஹைட்ராலிக் விசை வந்த ஜெட் விமானங்களில் செயற்கை அழுத்தம் தர ஸ்பிரிங் வைத்தார்களே? வைத்தார்கள். ஆனால் கைக்கு வரும் பாரத்தைக் குறைக்க ட்ரிம் திருகும்போது அந்த ஸ்பிரிங்கின் நடுவே நகர்ந்தது. நகராத நடு, கையை விட்டால் அங்கேயே வந்து நிற்கும் கோல் என்பது பயணிகள் விமானத்தில் வேரூன்றியது 1987-இல் முதலில் பறந்த ஏர்பஸ் ஏ320-இல்தான். அதில் ட்ரிம்மைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. விளையாட்டுக் கோல் விமானத்தைப் பின்பற்றவில்லை, விமானம்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. எஃப்-16-இன் கோல் முதலில் அசையவே இல்லை, அழுத்தத்தை மட்டும் அளந்தது. விமானிகளுக்குப் பிடிபடாததால் பிறகு சிறிது அசையவிட்டார்கள்.

ஆகவே ஏர்பஸ் ஓட்ட ஆசைப்படுபவருக்கு ஸ்பிரிங் கோல் பொய் சொல்லாது. த்ரஸ்ட்மாஸ்டரின் டிசிஏ வகைக் கோலும், காடி விழுந்த இரட்டை நெம்புகோலும் போதும். தேஜஸ் போர்விமானம் ஓட்டுபவருக்குக் கால்களுக்கு நடுவே நிற்கும் கோல், இடக்கையில் த்ராட்டில், விரல்நுனியில் பொத்தான்கள். 2010-இல் வந்த த்ரஸ்ட்மாஸ்டர் வார்ட்ஹாக் தொகுப்பு ஏ-10 விமானத்தின் நகல் என்றாலும் அந்தக் கைப்பழக்கத்துக்கு அருகில் வரும். ஆனால் ஓசூர் மண்ணின் விமானம் எது? தளி சாலையில் பெலகொண்டப்பள்ளி ஓடுதளத்தில் தனேஜா ஏரோஸ்பேஸ் 1990-களில் இத்தாலியின் பார்த்தெனாவியா பி68-ஐக் கட்டியது. இரட்டை எஞ்சின். ஒவ்வொன்றுக்கும் த்ராட்டில், புரொப்பெல்லர், மிக்ஸ்சர் என ஆறு நெம்புகோல்கள். கையில் கோல் இல்லை, யோக் என்ற கைப்பிடிச் சக்கரம். அதை ஓட்ட நினைக்கும் பிள்ளை போர்விமான ஜாய்ஸ்டிக் வாங்கினால் தன் ஊர் விமானத்தைத் தவறாகவே படிப்பான். மூன்று நெம்புகோல் பெட்டிகள் இரண்டு, அல்லது ஹனிகோம்ப் பிராவோ என்ற நெம்புகோல் பெட்டி, அவனுக்குப் பொருந்தும்.

சென்சார் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பொட்டென்ஷியோமீட்டரின் கரித்தடம் தேயும், தூசு ஏறினால் நடு துடிக்கும். கிரானைட் லாரிகள் ஓடும் இந்த நெடுஞ்சாலையோரத்தில் ஹால் விளைவில் இயங்கும் கோலே நிற்கும், காந்தம் எதையும் உரசாது.

த்ராட்டிலுக்கு ஒரு பாடவேறுபாடு உண்டு. முன்னே தள்ளினால் வேகம் என்பதை இயற்கை விதிபோல் நம்புகிறோம். பிரெஞ்சு விமானப்படைக்குப் போன கர்ட்டிஸ் ஹாக் 75-இல் பின்னே இழுத்தால்தான் முழு விசை. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் பிரிட்டனுக்கு வந்தவை மோஹாக் என்று பெயர் மாறின, த்ராட்டிலின் திசையும் திருத்தப்பட்டது. அவற்றில் சில பர்மா எல்லையில் இந்தியத் தளங்களிலிருந்து பறந்தன. இதே ஹாக் குடும்பத்தைத்தான், 1940 டிசம்பரில் பிறந்த பெங்களூரு ஹெச்.ஏ.எல். 1942-இல் சீனாவுக்கான ஆர்டரிலிருந்து சேர்த்துப் பறக்கவிட்டது. ஜூஜுவாடியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள். அது வேறு வரிசை, பிரெஞ்சுத் திசையோடு அதை முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ‘அச்சைத் திருப்பு’ கட்டமும் பிரெஞ்சு மரபின் எச்சம் அல்ல.

ஓசூரில் டிவிஎஸ் வண்டி ஓட்டிப் பழகிய மணிக்கட்டுக்கு இன்னொரு திருப்பம் காத்திருக்கிறது. வண்டியில் ஆக்ஸிலேட்டர் வலக்கையில், விட்டால் ஸ்பிரிங் அதை மூடிவிடும். போர்விமானத்தில் த்ராட்டில் இடக்கையில், விட்ட இடத்திலேயே நிற்கும். கோலுக்கு இல்லாதிருந்த ஸ்பிரிங்கை மேசை சேர்த்தது, த்ராட்டிலுக்கு மட்டும் சேர்க்கவில்லை. வாங்கும்போது த்ராட்டிலைப் பாதி தள்ளிக் கையை எடுத்துப் பாருங்கள். தானாக நழுவி வந்தால் உராய்வுத் திருகு இருக்கிறதா என்று கேளுங்கள்.