களரியும் ஊரடங்கும்

கிழக்கிலங்கையில் கூத்து ஏன் மெலிந்தது என்று கேட்டால், சினிமா வந்தது, படித்தவர்கள் ஏளனம் செய்தார்கள், இளைஞர்களுக்கு நாட்டம் போய்விட்டது என்ற பதில் உடனே வரும். மட்டக்களப்பிலிருந்து வெருகலாறு கடந்து கொட்டியாரக் குடாவின் தென்கரை வரை விரிந்த இந்த ஆட்டமரபுக்கு அந்தப் பதில் போதாது. கட்டைபறிச்சான், சம்பூர் என்று மூதூர் கிழக்கின் ஊர்களை நினைத்தால் அதன் போதாமை இன்னும் தெளிவாகும். அங்கே கூத்திடமிருந்து முதலில் பறிபோனது இரவு.

கூத்தை ஓர் இரவு நிகழ்ச்சி என்பது பாதி உண்மைதான். அரங்கேற்றம் ஓர் இரவு. அதற்கு முன் மாதக்கணக்கில் இரவுகள் உண்டு. பகலில் வயலிலும் கடலிலும் நின்றவர்கள் இராச்சாப்பாடு முடிந்து ஆடுகளமான களரிக்கு வருவார்கள். கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் ஆளைப் பார்த்துச் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டுப் பிரதி, கொடுப்பார்; தாளக்கட்டுப் பழக்குவார். ஆட்டம் காலில் படிந்த பிறகு சதங்கை அணிதல், பிறகு முழுக்கூத்தின் ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். வெளியில் மண்ணை உயர்த்தி வட்டக்களரி போட்டு, சுற்றிவரச் சனம் இருக்க, மத்தளத்துக்கும் தாளத்துக்கும் வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிகளில் ஒன்று விடியும்வரை ஆடப்படும். நுழைவுச்சீட்டு கிடையாது. செலவை ஊரே பகிர்ந்துகொள்ளும். அரங்கேற்றத்துக்குப் பின் கூத்தர் வீடுவீடாக ஆடி அன்பளிப்புப் பெறுவதும் உண்டு. உரிமையாளரோ நிரந்தர மேடையோ இல்லாத இந்த அமைப்பின் முதல் என்று சொன்னால் அண்ணாவியாரின் நினைவையும் தடையில்லாமல் நடமாடக்கூடிய இரவையும்தான் சொல்ல வேண்டும்.

இரவை நம்பிய ஆட்டம் வேறிடங்களில் எப்படி நடத்தப்பட்டது என்று பார்ப்பது உதவும். 1980களின் கடைசியில் இங்கிலாந்தின் கைவிடப்பட்ட பண்டகசாலைகளில் இளைஞர் குழுக்கள் அனுமதி கேட்காமல் ஒலிப்பெட்டிகளை அடுக்கி விடிய விடிய ஆடின. 1992 மே மாதம் காசில்மோட்டன் பொதுவெளியில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடி நாட்கணக்கில் ஆடினார்கள். 1994இல் வந்த சட்டம், திறந்தவெளியில் இரவில் இசைக்காக நூறு பேர் கூடினால் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசுக்குக் கொடுத்தது.  அதே நாட்டில் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரவைப் பூட்டியது பெற்றோரின் கண்டிப்பு. அவர்களுடைய பங்ரா நடனக் கூட்டங்கள் 1980களில் பட்டப்பகலில் நடந்தன. 2020இல் உருவான டேடைமர்ஸ் என்ற இசைக் குழு அந்த வழக்கத்திலிருந்தே தன் பெயரை எடுத்தது. இருட்டாக்கிய மண்டபமும் இசைத்தட்டும் போதும் என்பதால் பகலுக்கு மாற அவர்களால் முடிந்தது. பகல் முழுதும் உழைப்பவர்களின் கூத்து அப்படி மாறினால் யார் பழகுவது?

மூதூர் கிழக்கில் இரவு போன விதம் ஊரறிந்தது. 1983 முதல் 2011 வரை, இடைவெளிகளோடு, அவசரகாலச் சட்டமும் அதனோடு ஊரடங்கும் இருந்தன. 2002இன் போர்நிறுத்த காலத்திலும் கட்டைபறிச்சானில் இராணுவ முகாம், அதற்கு அப்பால் விடுதலைப் புலிகளின் பகுதி. 2006 ஓகஸ்டில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையிலான மாவிலாற்றுச் சண்டை மூதூருக்குப் பரவியது. செப்டெம்பர் 4இல் சம்பூர் இராணுவத்தின் கைக்குப் போனது. சனம் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் சிதறியது. திரும்பி வந்த சம்பூர் மக்களில் பலர் கட்டைபறிச்சான் போன்ற இடங்களின் முகாம்களில் 2015க்குப் பின்னும் சொந்தக் காணிக்காகக் காத்திருந்தார்கள். இந்த நிலையில் நள்ளிரவில் மத்தளம் அடிப்பது எப்படி? அடுத்த ஊர்க் கூத்துக்குப் பந்தம் பிடித்துப் போவதுதான் எப்படி? பத்து வருடம் களரி கூடாவிட்டால் சட்டம் அடுத்த தலைமுறையின் கைக்குப் போகாது.

போருக்கு முன்பே கூத்து நலிந்திருந்தது, இல்லாவிட்டால் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதை மீட்க ஏன் இறங்கினார் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன், பிறகு வாலிவதை என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் மேடையேற்றியபோது கூத்துக்குக் குறைந்திருந்தது படித்தவர் மத்தியிலான மதிப்பு. ஆடுவோர் குறையவில்லை, அண்ணாவிமார் ஊர்களில் இருந்ததால்தான் பல்கலைக்கழகம் அவர்களிடம் கற்க முடிந்தது. ஆனால் அந்த மீட்பு முழு இரவை ஒன்றரை மணி நேரமளவுக்குச் சுருக்கி, வட்டக்களரியை ஒருபக்க மேடையாக்கியது. அந்தச் சுருக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரடங்கு வந்தபோது பாடசாலை மண்டபத்தில் பொழுதுபடுமுன் ஆடி முடிக்கக்கூடியதாக இருந்தது அந்த வடிவந்தான். எனினும் ஊர் தனக்காக ஆடும் இரவுக்கு அது ஈடாகாது. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் முதலானோர் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தை ஊரவரோடேயே தொடங்கியது இதை உணர்ந்துதான்.

பண்டகசாலை ஆட்டம் குடும்பத்திடமிருந்து தப்பியோடுவது, கூத்து குடும்பத்தோடு கூடியிருப்பது, இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பேசலாம் என்ற மறுப்பும் நியாயமானது. பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடிய களரி அது; சாதிக் கணக்கும் அங்கே இருந்தது. அதை விடுதலைவெளியாக வருணிப்பது பொய். நான் ஒப்பிடுவது ஆடியவர்களின் மனநிலையை அல்ல; ஒரு கூட்டம் தானே செலவழித்து விடியும்வரை ஆட வேண்டுமானால் இரவின்மேல் அதற்கு உரிமை வேண்டும் என்ற தேவையை. அந்த உரிமை போர் முடிந்ததும் அப்படியே திரும்பவில்லை. அதற்கு முன்பே, 2007 நவம்பரில், இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்து, சிறப்பு நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்குக்கு இடம் வைத்தது. அயலவரின் தூக்கத்தைக் காக்கும் தீர்ப்பு என்ற அளவில் அதில் பிழை காண முடியாது. ஆனால் ஒலிவாங்கி இல்லாமல் இப்போது கூத்து அரங்கேறுவது அரிது. ஆகவே கோயில் திருவிழாவோடு ஒட்டிய கூத்துக்கு விடியும்வரை வழி பிறக்கலாம். ஊர் தானாகக் கூடிப் போடும் களரி பொலிஸ் நிலையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.