குளம்பு சொன்ன செய்தி



பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணமேனும் ஒருங்கே நிலத்தைவிட்டு நீங்குகின்றனவா? நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரையோடு வாழ்ந்த மனிதன், பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் இதற்கு ஐயமற விடை கூற இயலாதிருந்தான். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ, 1821ஆம் ஆண்டில் எப்சம் பந்தயத்தைத் தீட்டியபோது, குதிரைகளின் முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னுமாக நீட்டி, அவற்றை வெளியில் மிதக்கவிட்டார். கண்ணுக்கு அவ்வாறு தோன்றிற்று; கையும் அவ்வாறே எழுதிற்று.

அந்த ஐயத்தைக் குளம்பினிடமே கேட்டறிய முற்பட்டவர் எட்டியன் ஜூல் மாரே என்னும் பிரெஞ்சு உடலியல் அறிஞர். மனிதனின் நாடித் துடிப்பைக் கோடாக வரையும் கருவியைச் செய்து புகழ் பெற்றவர் அவர். குதிரையின் ஒவ்வொரு குளம்பின் அடியிலும் காற்றடைத்த இரப்பர் உறை ஒன்றைப் பொருத்தினார். குளம்பு நிலத்தில் அழுந்தும்போதெல்லாம் உறையிலுள்ள காற்று குழாய் வழியே மேலேறி, சவாரி செய்பவர் கையிலிருந்த கருவியின் எழுதுமுள்ளை அசைத்தது. காலுக்கொன்றாக நான்கு கோடுகள் எழுந்தன. பாய்ச்சலில் நான்கு குளம்புகளும் நிலத்தில் இல்லாத கணம் ஒன்று உண்டென அக்கோடுகள் காட்டின. தம் ஆராய்ச்சியை 1873ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். 1878ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் மைபிரிட்ஜ் எடுத்த நிழற்படங்கள் அதனை உறுதிப்படுத்தின. ஆனால் அக்கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின் கீழ் மடங்கியிருந்தன!

குளம்பு எப்பொழுது ஊன்றுகிறது என்பது தெளிந்தது. எவ்வளவு பாரத்தைத் தாங்குகிறது என்பது அடுத்த வினா. தலையும் கழுத்தும் முன்புறம் இருப்பதால், நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கை முன்கால்களே சுமக்கின்றன. 500 கிலோ எடையுள்ள குதிரையாயின் முன்கால் ஒன்றுக்கு 150 கிலோ, பின்கால் ஒன்றுக்கு 100 கிலோ எனலாம். மிகு வேகப் பாய்ச்சலிலோ, ஒரே முன்காலின்மீது முழு எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை ஒரு கணம் விழுகிறது.

நோயுற்ற காலைக் குதிரை அழுந்த ஊன்றாது; அதன் பாரத்தைப் பிற கால்களுக்கு மாற்றும். அம்மாற்றத்தை உணர வேண்டுமாயின், நலமுற்ற கால் எவ்வளவு தாங்கும் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டுமன்றோ? ஆதலால் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக் கழகத்தார், நிலத்தில் பதித்த விசைத் தட்டின்மீது நலமான குதிரைகளை நடக்கவிட்டு, இயல்பான நடையின் அளவுகளை 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

2004ஆம் ஆண்டில் அங்கே நடந்த மற்றோர் ஆராய்ச்சியே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. குளம்பு ஒரே சமமாக நிலத்தில் இறங்குவதே சீர்மை எனப் பலர் கருதி வந்தனர். அழுத்தத்தை அளக்கும் தட்டோ வேறு செய்தி கூறியது. நலமான குதிரைகளிற் பெரும்பாலானவை குளம்பின் வெளிப்புற ஓரத்தையே முதலில் ஊன்றின. குளம்பைச் செதுக்கிச் சீர்செய்த பின்னும் அவ்வழக்கம் மாறவில்லை. நலத்தை அளந்திராவிட்டால், அவ்வியல்பையே குறையென்று கொண்டு, அதனைத் திருத்தப் புகுந்திருப்போம்!

தன் நோவை வாய்விட்டுக் கூற இயலாத உயிர் குதிரை. அதன் நடையைத் தவறாகப் படித்தால் துன்புறுவது அதுவே. நோயை அறிய விரும்புவோர் முதலில் நலத்தை அறிதல் வேண்டும். அதனையும் தோற்றத்தால் துணியாது, அளந்து அறிதல் வேண்டும். நாளை மருத்துவம் பயிலப்போகும் உங்களுக்குக் குளம்பு சொல்லும் செய்தி இதுவே.